டெபோராவின் திருத்தம்

சங்கரா மீனை வறுத்தால் அதன் ருசி எண்ணெயோடு போய்விடும், குழம்பில்தான் போட வேண்டும் என்பது என் மனைவி டெபோராவின் கட்சி. அந்தச் சனிக்கிழமை காலை அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதும் அதைத்தான் சொன்னாள். புளி ஊறுகிறது, மாங்காய் இரண்டு துண்டு போதும், மீனைக் கடைசியில் போடு என்றாள். ஒரு செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே, "வறுத்து வெச்சேன்னா நான் அம்மா வூட்லயே துன்னுட்டு வந்துடுவேன்" என்று சிரித்தாள். ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து காசிமேட்டில் அவள் அம்மா ஃப்ளோராவின் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அவள் நடந்து போனாள். நான் குழம்பு வைத்தேன்.

ஐயா, அன்று எச்சரிக்கை லைன் ஏன் அடிக்கவில்லை என்பதற்குத் தொழில்நுட்ப விளக்கம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். உங்கள் விசாரணை ஐஸ் கம்பெனியின் குழாயைப் பற்றியது. குழாய் துருப்பிடித்திருந்தது, அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். ஆனால் டெபோரா செய்த லைனில்தான் கோளாறு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது நியாயம் இல்லை. அவள் வேலையில் கோளாறு வைப்பவள் அல்ல. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

சல்லடை என்பது நான் எழுதிய ஒரு லைப்ரரி. எங்கள் தொழிலில் ஒருவர் எழுதி வைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொள்வார்கள். அதைத்தான் லைப்ரரி என்போம். சல்லடையின் வேலை எழுத்துக்களுக்குள் தேடுவது. குறிப்பிட்ட ஒரு சொல்லை மட்டுமல்ல, ஒரு சாயலையும் தேடும். ஒரு தெருப் பெயரும் அதற்குப் பின்னால் ஓர் எண்ணும் வரும் இடத்தைக் காட்டு என்றால் காட்டும். இப்படிச் சாயலைச் சொல்லும் குறிகளுக்கு ரெஜெக்ஸ் என்று பெயர். தமிழ் எழுத்துக்களை ஒழுங்காகக் கையாளும் ஒன்று வேண்டும் என்று, கல்லூரி முடித்து வேலை கிடைக்காத நாட்களில் எழுதத் தொடங்கினேன். இலவசமாகத்தான் கொடுத்தேன். நான் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் நன்றி சொல்லி எழுதினார்கள். திருத்தம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதை ஏற்றுப் புதிய பதிப்பாக வெளியிடும் அனுமதி எனக்கு மட்டும்.

ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியது என்று குறிப்பு எழுதுவது வழக்கம். நான் எப்போதும் ஒரே வரியைத்தான் எழுதுவேன்: சில பிழைகள் திருத்தப்பட்டன, சில மேம்பாடுகள் செய்யப்பட்டன. கல்யாணமான புதிதில் டெபோரா அதைப் படித்துவிட்டு, "யாரு திருத்துனா? வானத்துல இருந்து எறங்குன சம்மனசா?" என்று கேட்டாள். அவளும் இதே தொழில்தான். என்னைவிட நல்ல கம்பெனியில் இருந்தாள்.

அவள் அனுப்பிய முதல் திருத்தத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற நண்பர்களிடம் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் சொன்னேன். அடுத்த திருத்தத்தில் சல்லடையின் வேகம் பாதியளவு கூடியது. அதன் பிறகு கேள்விகள் அவள் பெயருக்கு வரத் தொடங்கின. நான் பதில் எழுதினால், நன்றி, டெபோராவும் இதை ஒருமுறை பார்க்க முடியுமா என்று மறு கேள்வி வந்தது. யாரோ ஒருவர் சல்லடையை எழுதியவருக்கு வாழ்த்து என்று அவளுக்கு எழுதியிருந்தார். அவள் உடனே, எழுதியவர் அலெக்ஸாண்டர், நான் உதவி செய்கிறேன் என்று பதில் போட்டாள். போட்டி போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

லைன் என்பது அவள் யோசனை. காசிமேட்டில் அவள் அம்மா இருக்கும் தெருவின் பின்பக்கச் சுவர் ஐஸ் கம்பெனியுடையது. ஐஸ் உறைய வைக்க அமோனியா ஓடும். அந்தத் தெருவில் அந்த வாடை இல்லாத நாள் கிடையாது. முன்பு ஒருமுறை வாடை அதிகமானபோது எல்லோரும் பயந்து காற்று போகும் திசையிலேயே ஓடினார்கள். வாயுவும் கூடவே வந்தது. பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். காற்று வரும் திசையை நோக்கித்தான் நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

டெபோரா ஓர் எண்ணைக் கொடுத்தாள். வாடை அதிகமாகத் தெரிந்தால் அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கணினி அவற்றைப் படிக்கும். ஒரே இடத்திலிருந்து பலர் சொன்னால், அன்றைய காற்றைப் பார்த்து, தெருவில் உள்ள எல்லா போனுக்கும் அழைப்பு போகும். "காத்து கடல் பக்கத்துல இருந்து வருது, கடல் பக்கமா நடங்க" என்று டெபோராவின் குரல் சொல்லும். வீடு வீடாகப் போய் அவள் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாள். மூக்கை நம்பி ஓடாதீர்கள், போன் அடிக்கும்வரை இருங்கள். செய்திகளைப் படிக்கும் வேலையைச் சல்லடை செய்தது.

காசிமேட்டு ஏலத்தில் ஒரு சொல்லை ஒருமுறை சொல்பவர் யாரும் இல்லை. விலை கூவுகிறவர் அதையே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். நிறுத்தினால் கூடை வேறு கைக்குப் போய்விடும். அங்கே மீன் விற்கும் பெண்களுக்குப் போனிலும் அதே பழக்கம். எழுத்துக்களைத் தட்ட மாட்டார்கள். மைக்கை அழுத்திப் பேசுவார்கள், போன் அதை எழுத்தாக்கி அனுப்பும். வாயு வாடை வந்தால் கேஸு கேஸு கேஸு என்று மூச்சு தீரும்வரை சொல்வார்கள். தெருப் பெயரைச் சொல்லும் முன்பு மூச்சு தீர்ந்துவிடும்.

டெபோரா ஒத்திகை வைத்த நாளில் இதைக் கண்டுபிடித்தாள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், சல்லடை அதை எத்தனை விதமாகக் கூறு போடலாமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பார்க்கும். கடைசியில் எதிர்பார்த்த தெருப் பெயர் இல்லையென்றால், திரும்பி வந்து வேறு விதமாகக் கூறு போடும். சொல் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பாகும். முப்பது நாற்பது தடவை சொன்னால் கணினி அந்த ஒரே செய்தியில் நாள் முழுக்க நிற்கும். பின்னால் வரும் எதையும் பார்க்காது. வெளியே இருப்பவருக்கு எல்லாம் ஓடுவது போலவே தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல், "அலெக்ஸு, சல்லடைல ஒரு பெரிய கோளாறு கீதுடா" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. கோளாறு கண்டுபிடித்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். பத்து வருடமாக நான் பார்க்காத கோளாறு அது.

லைனில் தேடும் சாயலை மட்டும் மாற்றி எழுதிவிடு, போதும் என்றேன்.

"நாம மாத்திக்கலாம். இதை வெச்சுக்கினு இருக்குற மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா? லைப்ரரிலயே சரி பண்ணிடலாம். நீ பாத்து வுட்டா போதும்."

இரண்டு நாளில் திருத்தத்தை எழுதி அனுப்பினாள். சின்னத் திருத்தம். ஒருமுறை தோற்றுப்போன இடத்தைச் சல்லடை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு மறுபடி போகாது. அவ்வளவுதான். படித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். பிறகு அதைப் பரிசீலனையில் என்று குறித்தேன்.

சில பெயர்கள் எங்கள் வழக்கப்படி இல்லை என்று குறிப்பு எழுதினேன். மாற்றினாள். சோதனைகள் போதாது என்றேன். எழுதிச் சேர்த்தாள். விளக்கக் குறிப்பு நீளமாக இருக்கிறது என்றேன். சுருக்கினாள். நான் சொன்ன குறைகள் எல்லாம் உண்மையானவை, எதையும் இட்டுக்கட்டவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, "நீ பாத்து முடிக்கிற வரைக்கும் லைன்ல மட்டும் நான் திருத்துன காப்பிய போட்டுக்கறேன், சரியா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

அந்த மாதமே ஐஸ் கம்பெனியில் ஒரு வால்வு கசிந்தது. லைன் அடித்தது. தெருவே கடல் பக்கம் நடந்துபோய் நின்றுகொண்டு கதை பேசிவிட்டுத் திரும்பி வந்தது. ஒருவருக்கும் இருமல்கூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃப்ளோராவின் வீட்டுக்கு நாங்கள் போனபோது பெண்கள் டெபோராவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முழு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டம்மாள் என்று ஒரு மீன்காரம்மா. நீங்களும் அவரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறீர்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டெபி வூட்டுக்காரரே, நீயும் கம்ப்யூட்டருதானாமே? அவளுக்கு ஒயரு சுருட்டிக் குடுப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். டெபோராவும் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எழுதியதன் மேல்தான் என் லைனே நிற்கிறது என்று அவர்களிடம் சொன்னாள். கேலியை நான் அன்றே மறந்துவிட்டேன். அவள் சொன்னதை மறக்க முடியவில்லை.

இதைப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அது ஒழுங்கு பற்றிய விஷயமாகத்தான் பட்டது. ஒரு லைப்ரரிக்கு ஒரு முகம்தான் இருக்க வேண்டும். வெளியிடாத பிரதி ஒன்று எங்கோ தனியாக ஓடிக்கொண்டிருந்தால் நாளைக்கு யார் பொறுப்பு? அவள் பாடற்குழுப் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு மாலை, நான் என் லேப்டாப்பிலிருந்து லைன் ஓடும் கணினிக்குள் போனேன். எங்கள் இருவருக்கும் ஒரே கடவுச்சொல்தான். அவளுடைய பிரதியை நீக்கிவிட்டு, நான் வெளியிட்ட பதிப்பை வைத்தேன்.

வைத்ததும் சோதித்துப் பார்த்தேன். எதையும் சோதிக்காமல் விடுவது என் பழக்கம் அல்ல. என் போனில் மைக்கை அழுத்தி, அந்தப் பெண்களைப் போலவே கேஸு கேஸு என்று மூச்சு தீரும்வரை சொன்னேன். அவள் சொன்னபடியே நின்றது. கணினியை அணைத்து மறுபடி ஓட விட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். லேசான வாடை வரும், லைன் நிற்கும், அவளுக்கு ஏன் என்று புரியாது, என்னைக் கூப்பிடுவாள், பட்டம்மாளும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க நான் போய்ச் சரி செய்வேன். இவ்வளவுதான் நினைத்தேன். அவள் ஒரு நாளாவது என்னைத் தேட வேண்டும் என்று ஒரு கணவன் நினைப்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை.

லைனுக்கு வரும் செய்திகளின் நகல் என் போனுக்கும் வரும். குழம்பு கொதிக்கத் தொடங்கியபோது முதல் செய்தி வந்தது. கேஸு என்ற சொல் திரை முழுக்க நிறைந்திருந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கணினி அந்த முதல் செய்தியிலேயே நின்றிருந்தது. அடுத்தடுத்து வந்தவை பின்னால் வரிசையில் காத்திருந்தன.

டெபோராவின் திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பரிசீலனைப் பக்கத்திலிருந்து அதை எடுத்துப் போட்டால் ஒரு நிமிட வேலை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கவும் செய்தேன். அதை எடுத்துப் போட்டால், அது எப்படி அங்கே இல்லாமல் போனது என்ற கேள்வி வரும். அதைவிட, இவ்வளவு நாள் அதில் குறை சொல்லிவிட்டு இப்போது அப்படியே எடுப்பது எனக்கு முறையாகப் படவில்லை. சல்லடை என்னுடையது. அதைச் சரி செய்ய எனக்கும் தெரியும். நானே ஒரு திருத்தம் எழுதத் தொடங்கினேன்.

பாதி எழுதியிருந்தபோது டெபோரா போன் செய்தாள்.

"அலெக்ஸு, இங்க வாடை கொஞ்சம் ஜாஸ்தியா கீது. எல்லாரும் லைன்ல சொல்லிட்டாங்க, இன்னும் அடிக்கல. ஓடுதா பாரேன்."

"ஓடுது" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்துகினுதான் கீறேன். ஓடுது."

அவள் போனை வாயிலிருந்து விலக்கி அங்கே இருந்தவர்களிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "ஓடுதாம்மா. எங்க வூட்டுக்காரரு பாத்துட்டாரு. ஒன்னும் இருக்காது, குந்துங்க."

பட்டம்மாளின் குரலும் கேட்டது. "உன் வூட்டுக்காரரு அங்க குந்திகினு இத்த மோந்து பாத்தாரா? நான் போறேன்மா. வாங்கடி."

டெபோரா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

பட்டம்மாள் உங்களிடம் சொன்னது உண்மை. நான் ஓடுகிறது என்றுதான் சொன்னேன். ஆனால் அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இன்னும் சிறிது நேரத்தில் ஓடப்போகும் ஒன்றைப் பற்றித்தான் சொன்னேன். போனை வைத்ததும் இன்னும் வேகமாக எழுதினேன். ஒரு இடத்தில் தடுமாறியபோது அவள் எப்படிச் செய்திருக்கிறாள் என்று பார்க்க நினைத்தேன். பார்க்கவில்லை. சுயமாகச் செய்ய வேண்டும் என்று இருந்தேன். கடைசி வரிகளுக்கு வந்தபோது தீயணைப்பு வண்டிகளின் சத்தம் எங்கள் தெரு வழியாகக் காசிமேட்டுப் பக்கம் போனது.

அதற்குள் குழாய் வெடித்துவிட்டது. பட்டம்மாளோடு கிளம்பியவர்கள் தப்பித்தார்கள். லைனை நம்பி இருந்தவர்களில் பலர் எப்படியோ வெளியே வந்து விழுந்தார்கள். ஃப்ளோராவுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. வீட்டில் நனைத்து எடுக்கக் கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு துண்டு. அதை டெபோரா தன் அம்மாவின் முகத்தில் கட்டியிருந்தாள். அம்மாவை வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் கிடந்தாள். நான் போனபோது அவள் கண்கள் திறந்திருந்தன, வெந்ததுபோல் சிவந்து. அவளுடைய போன் கையில் இருந்தது. அதில் எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை.

நான் அழவில்லை என்று சிலர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அழுதேன். இப்போதும் காலையில் இரண்டு கப்பில் டீ ஊற்றிவிட்டு ஒன்றைக் கீழே கொட்டுகிறேன். அவளை நான் நேசித்தது உண்மை. அதில் யாரும் திருத்தம் சொல்ல முடியாது.

ஃப்ளோரா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். நுரையீரல் பாதி போய்விட்டது. பேசினால் மூச்சு வாங்கும். ஒரு நாள் மருந்து கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எழுந்து போலாம்டீன்னு நான்தான் சொன்னேன் மாப்ள. உன் பேரச் சொல்லித்தான் அவ என்னைக் குந்த வெச்சா" என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மகளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கையை எனக்கு ஆறுதலாகச் சொன்னார். மீதி மருந்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனவே நீங்கள் கேட்ட விளக்கம் இதுதான். லைனில் கோளாறு இல்லை. கோளாறு சல்லடையில் இருந்தது. டெபோரா அதைச் சரி செய்திருந்தாள். அவள் சரி செய்ததை எடுத்துவிட்டு, என்ன ஆகும் என்று சோதித்து அறிந்துகொண்டு, பழையதை வைத்தவன் நான். நின்றுவிட்டது என்று தெரிந்தும் ஓடுகிறது என்று அவளிடம் இரண்டு முறை சொன்னவனும் நான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, பாதியில் விட்டிருந்த என் திருத்தத்தை எழுதி முடித்தேன். பிறகுதான் அவளுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். தோற்ற இடத்தை நினைவில் வை, மறுபடி போகாதே. அவளுடையது கொஞ்சம் சின்னது. என்னுடையதை அழித்துவிட்டேன்.

போன வாரம் துரை வந்திருந்தார். தெரு நலச் சங்கத்தின் செயலாளர். லைனை மறுபடி தொடங்கப்போகிறார்களாம், யாரோ புதிய கணினி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். குழாயை மாற்றிவிட்டு ஐஸ் கம்பெனியும் திறக்கப்போகிறது. என் மேசையில் கணினியை வைத்து, தயக்கத்தோடு கேட்டார்.

"அண்ணே, சல்லடைல எதைப் போடறது? டெபி அக்கா புச்சா ஏதோ பண்ணி வெச்சிருந்துச்சாமே."

அதை நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்று சொன்னேன். உயிர் சம்பந்தப்பட்ட வேலை, இதில் அனுதாபத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது, வெளியிட்ட பதிப்பைத்தான் போட வேண்டும் என்று விளக்கினேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. என் எதிரிலேயே ஏற்றினார். சரியாகத்தான் ஏறியிருக்கிறதா என்று, திரையில் தெரிந்த பதிப்பு எண்ணை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அன்றைக்கு இருந்த அதே எண்தான்.